இருளில் நடப்போரும் இடுப்பு விளக்கும்



இரவில் நெடுஞ்சாலையோரமாக நடந்து செல்லும் ஒருவர், எதிரே லாரி வருவதை ஒரு கிலோமீட்டர் தொலைவிலேயே கண்டுகொள்கிறார். அதன் விளக்குகள் அவர் கண்ணைப் பறிக்கின்றன. ‘இத்தனை வெளிச்சத்தில் ஓட்டுபவருக்கு நான் தெரியாமலா போவேன்?’ என்று எண்ணிக்கொண்டு அவர் மேலே நடக்கிறார். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

லாரிக்காரர் இருக்கையில் அமர்ந்து பாருங்கள். தாழ்த்திய விளக்கொளியில், கறுப்பு உடை உடுத்தவர் பல சமயம் முப்பது நாற்பது மீட்டர் அருகே வந்த பின்னரே தென்படுகிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியோ ஒரு விநாடிக்குள் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். கண்டு, தெளிந்து, பிரேக்கை மிதிப்பதற்குள் அந்த இடைவெளியின் பெரும்பகுதி தீர்ந்துபோகிறது. எஞ்சியது, பாரம் ஏற்றிய வண்டி நிற்பதற்குப் போதாது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

இதற்குப் பரிகாரமாக வந்தவைதாம் உடலில் அணியும் ஒளிப்பட்டையும் சிறு விளக்கும். பட்டையில் பதித்த நுண்ணிய கண்ணாடி மணிகள், தம்மேல் விழும் ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே பக்கத்தில் நடக்கும் நண்பருக்கு மங்கலாகத் தோன்றும் பட்டை, ஓட்டுநர் கண்ணுக்கு மட்டும் பளீரென்று ஒளிரும். கண்ணைக் கூசச் செய்யும் மஞ்சள் நிறச் சட்டையை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அந்த நிறம் பகலொளியில் உள்ள புற ஊதாக் கதிர்களால் பிரகாசிப்பது. இரவில் அது வெறும் வெளிர் நிறத் துணியே.

பட்டையை எங்கே கட்டுவது? பெரும்பாலோர் மார்பிலும் முதுகிலும் கட்டுகின்றனர். அது நல்லதே, ஆனால் கணுக்காலிலும் கட்டுங்கள். 1973ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் யோஹான்சன், மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் வைத்து, இருளில் நடக்கும் மனிதரைப் படம் பிடித்துக் காட்டினார். வேறொன்றும் தெரியாத நிலையிலும் ‘இது மனிதன் நடப்பது’ எனப் பார்த்தவர்கள் உடனே அறிந்துகொண்டனர். முதுகில் அசையாமல் நிற்கும் ஒளி, சாலையோரக் கம்பமென்றே எண்ணப்படலாம். மாறி மாறி அசையும் இரு கால்களைக் கம்பமென்று எவரும் எண்ணமாட்டார்.

முகப்பு விளக்கின் ஒளி விழுந்தால்தான் பட்டைக்கு உயிர். வளைவுகளிலும், விளக்கின்றி வரும் வண்டிகளிடத்தும் அது உதவாது. அங்கேதான் பாட்டரி விளக்கு வேண்டும். பழனிக்கும் பண்டரிபுரத்திற்கும் பாத யாத்திரை செல்லும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் விளக்குப் பூண இயலாவிடினும், கடைசியாக வருபவர் முதுகில் சிவப்பு விளக்கு கட்டாயம் இருக்கட்டும். முன்னே செல்பவரிடம் வெள்ளை விளக்கு. ரயில் பாதையை ஒட்டிச் செல்லும்போது மட்டும் சிவப்பு விளக்கை ஆட்டாதீர்கள். ரயில் ஓட்டுநருக்கு அது ‘நிறுத்து’ என்னும் கட்டளை.

இனி பாட்டரி. சென்ற மழைக்காலத்தில் என் வீட்டுத் திண்ணையில் போட்டுவைத்த கைப்பட்டை விளக்கின் மூடி கழன்று, உள்ளிருந்த செல் உருண்டு கிடந்தது. அதை எடுத்து வந்து தந்தவள் மூன்று வயதுப் பேத்தி. “தாத்தா, காசு!” என்றாள். அவள் அதை வாயில் போடாதது எங்கள் பாக்கியம். என் ஜாக்கிரதையால் அன்று.

இவ்விளக்குகள் பலவற்றில் இருப்பது சி.ஆர். 2032 எனப் பொறித்த, 20 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டச் செல். குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கினால், ஈரத்தினூடே மின்சாரம் பாய்ந்து அவ்விடத்தில் காரத்தை உண்டாக்குகிறது. இரண்டு மணி நேரத்திலேயே சதை வெந்துவிடக்கூடும். விளக்கை எரிக்கமாட்டாத பழைய செல்லும் இதைச் செய்ய வல்லது. விழுங்கியதாக ஐயம் தோன்றினாலே போதும், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். ஒரு வயது நிறைந்த குழந்தையாயின், விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கடவாதிருந்தால், வழியில் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் தரலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேனைத் தேடிப் பயணத்தைத் தாமதப்படுத்தலாகாது. வாங்கும்போதே, திருகாணியால் மூடியை இறுக்கும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள்.

மின்னூட்டிப் பயன்படுத்தும் விளக்குகளுக்கு வெப்பமே பகை. வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ தலையணைக்கு அடியிலோ வைத்து மின்னூட்டாதீர்கள். மழையில் நனைந்திருந்தால், இணைப்புத் துளை உலர்ந்த பிறகே கம்பியைச் செருகுங்கள். உடல் உப்பிய விளக்கை மீண்டும் ஒருமுறைகூட மின்னூட்டக் கூடாது. பல மாதம் எடுத்துவைப்பதாயின் பாதி மின்னூட்டத்துடன் வையுங்கள். சாதாரணப் பேனா செல்களையோ கழற்றியே வையுங்கள். புதியதையும் பழையதையும் ஒருங்கே இடாதீர்கள், கசிந்து விளக்கைக் கெடுக்கும். தீர்ந்த வட்டச் செல்லின் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, பழைய பாட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். என் வீட்டு டப்பா இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எடுக்க எனக்கே நாற்காலி வேண்டும்.