விருது பெற்ற சிறார் நாவல்களை எவ்வாறு மதிப்பிடுவது?

(திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்கும் தோழர்களுக்கு நாம் பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் தருகிறோம். சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல்கள் அதில் முதலிடம் பெறுகின்றன. அதில் தவறேதும் இல்லை. ஆனால் விருது பெற்றது என்பதற்காகவே நூலை வாங்கிக் கொடுத்துவிட்டு, நாம் ஒரு பக்கமும் புரட்டாமல் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவது சரியல்ல.

இவ்விருது 2010இல் தொடங்கப்பட்டது. தமிழில் முதல் விருதே ஒரு நாவலுக்குச் சென்றது: மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. பின்னர் பாடல்களும் கதைகளும் விருது பெற்றன. சில ஆண்டுகளில் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்காகவும் வழங்கப்பட்டது. 2020இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' என நாவல் மீண்டும் முன்னுக்கு வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

முந்தைய ஐந்தாண்டுகளில் முதற்பதிப்பு கண்ட நூல்களிலிருந்து மூவர் கொண்ட நடுவர் குழு ஒன்றைப் பரிந்துரைக்கிறது. மூவரும் பெரியவர்கள். எழுதுபவரும் பெரியவர், பதிப்பிப்பவரும் பெரியவர், பணம் கொடுத்து வாங்குபவரும் பெரியவர். வாங்குபவர் ஒருவராகவும் நுகர்பவர் வேறொருவராகவும் இருக்கும் விசித்திரமான சந்தை சிறார் இலக்கியத்தினுடையது. ஆகவே பெரியவர்களின் மனத்துக்கு உகந்த நீதி, அறிவுரை, பொதுஅறிவு ஆகியவை நிறைந்த நூல் எளிதில் பாராட்டுப் பெற்றுவிடும். பிள்ளை பத்தாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டால் அது எந்த நடுவர் அறிக்கையிலும் பதிவாகாது.

நம்மவர்களிடம் இதே குறை வேறு உருவில் இருக்கிறது. கதையின் கருத்து முற்போக்கானதா என்று பார்க்கிறோம்; ஆம் என்றால் நல்ல நாவல் என்று முத்திரை குத்திவிடுகிறோம். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் கொண்டுவந்த சோவியத் நூல்களில் வளர்ந்த மூத்த தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரிய'ரில் இன்றும் உங்கள் நினைவில் நிற்பது எது? பனிநீர் ஓடையில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கடத்தும் அந்த ஆசிரியர்தானே? புரட்சி என்ன செய்தது என்பதை அந்த ஓடை சொல்லிவிடுகிறது. சொற்பொழிவு தேவைப்படவில்லை.

'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பாலியல் தொல்லைக்கு உள்ளாகும் சிறுமியிடம் ஒரு மரப்பாச்சி பொம்மை பேசுகிறது. 2012இல் போக்சோ சட்டம் வந்தது. சட்டம் நல்லதே, ஆனால் பிள்ளை வாய் திறந்த பிறகுதான் அதன் வேலை தொடங்கும். வாய் திறப்பதற்கு முந்தைய அச்சத்தில், தன்மீதே பழி போட்டுக்கொள்ளும் அந்த மௌனத்தில் நிற்கும் பிள்ளையிடம் போய்ப் பேசக் கூடியது கதை. கொலுவில் நாம் பார்த்துப் பழகிய மரப்பாச்சியை அதற்குத் தேர்ந்தது பொருத்தமான முடிவு என்பது என் கருத்து. திட்டாத, அதிர்ச்சி அடையாத ஒரு செவி பிள்ளைக்குக் கிடைக்கிறது. ஆயினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: பேசும் பொம்மை இல்லாத பிள்ளை என்ன செய்யும்? இதை எழுத்தாளரிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை. வாசித்து முடித்த மகளிடமோ மகனிடமோ, "உன்னிடம் மரப்பாச்சி இல்லையென்றால் யாரிடம் சொல்வாய்?" என்று கேளுங்கள். வரும் பதில் நாவலை மட்டுமல்ல, நம் வீட்டையும் மதிப்பிட்டுவிடும்.

'ஆதனின் பொம்மை' நம் காலத்துச் சிறுவனைப் பழங்காலக் கீழடிக்கு அழைத்துச் செல்கிறது. கீழடிப் பண்பாடு கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்வதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயரும் உண்டு. கீழடி இன்று ஓர் அரசியல் களம்; எனவே இந்நாவலை நாம் கனிவோடுதான் அணுகுவோம். அதனாலேயே கூடுதல் கண்டிப்பு தேவை. பிள்ளைக்கு இது பழம்பெருமையைத் தருகிறதா, கேள்வியைத் தருகிறதா? அரசர்களின் வரிசையையே வரலாறு என்று கற்ற சிறுவன், பானையைச் சுட்டவர் யார், நூல் நூற்றவர் யார், அந்த ஓட்டில் இருப்பது உடையவர் பெயரா, வனைந்தவர் பெயரா என்று கேட்கத் தொடங்கினால் நாவல் தன் பணியைச் செய்திருக்கிறது. "நாம்தான் மூத்தவர்கள்" என்பதோடு நின்றுவிட்டால், குறை நூலினுடையதா, அதை நாம் அறிமுகப்படுத்திய விதத்தினுடையதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

கேரளத்தில் இதற்கான களம் ஏற்கெனவே இருக்கிறது. 1938இல் கல்யாசேரியில் தொடங்கிய பாலசங்கத்தின் முதல் தலைவர் தோழர் இ.கே. நாயனார். மாநிலச் சிறார் இலக்கிய நிறுவனம் 1981 முதல் இந்நகரிலேயே இயங்குகிறது. நூலக கவுன்சில் மாணவர்களுக்கு வாசிப்புப் போட்டிகள் நடத்துகிறது. போட்டியில் பிள்ளை விடையளிக்கும் இடத்தில் இருக்கிறது; தீர்ப்பளிக்கும் இடத்தில் அதை உட்கார வைத்தால் என்ன? சாலையிலும் கரமனையிலும் இங்கேயும் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் பலர். அவர்களால் தமிழ் நாவலைத் தனியே வாசிக்க முடியாமல் போகலாம். உரக்க வாசித்தால் கேட்பார்கள். எங்கே நெளிகிறார்கள், எங்கே "அப்புறம்?" என்கிறார்கள் என்று ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். அவர்கள் கருத்தைச் சொல்லி முடித்த பிறகு பெரியவர்கள் பேசலாம்.

முதல் அமர்வுக்கு 'ஆதனின் பொம்மை'யை எடுத்துக்கொள்வோம். 'மரப்பாச்சி'யை அதற்குள் பெற்றோர் தனியே வாசித்து, தனியே கூடிப் பேசிவிட வேண்டும். பிள்ளைகளிடம் அது அதன் பிறகே செல்லட்டும்.