பொஸ்டனில் கொட்டிய தேயிலையும் நமது பிள்ளைகளின் வரலாற்றுப் பாடமும்

(எல்ல பகுதித் தோட்டக் கமிட்டிகளின் மாதாந்தக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான நமது தோழர் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, லயத்துக் கூரைத் தகடு எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் தந்திருக்கிறீர்கள். நான் பேச வந்தது ஏ.எல். வரலாற்றுப் பாடத்தைப் பற்றி. "சங்கக் கூட்டத்தில் டீச்சர் வகுப்பு நடத்தப் போறாங்க" என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் சிரிக்கிறார். சிரிக்கட்டும். கடைசியில் அவரிடமும் ஒரு உதவி கேட்கத்தான் போகிறேன்.

போன வருடம் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புரட்சியின் காரணங்களை எழுதச் சொன்னேன். 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் வரியை எதிர்த்தவர்கள் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு மகன் அந்த இடத்தில், "அது சிலோன் தேயிலை, நமது முன்னோர் பறித்தது" என்று எழுதியிருந்தான். வாசித்துவிட்டு முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது சீனத் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராகப் போட்டது 1867இல், அதாவது 94 வருடங்களுக்குப் பிறகு. பிறகு யோசித்துப் பார்த்தேன். உலக வரலாறு முழுவதும் தேடியும் தன் ஆட்களை எங்கேயும் காணாத பிள்ளை, தேயிலை என்ற ஒரு சொல்லைக் கண்டதும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தவறு அவனுடையது மட்டுமல்ல. நான் அந்தப் பாடத்தை நடத்திய விதமும் அப்படித்தான் இருந்தது.

பாடத்தைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஏ.எல்.லில் வரலாறு எடுக்கும் பிள்ளை இலங்கை வரலாற்றோடு நிற்க முடியாது. இந்திய வரலாறு, ஐரோப்பிய வரலாறு, நவீன உலக வரலாறு என்பவற்றில் ஒன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நமது பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். ஓ.எல். வரை அரசாங்கம் புத்தகத்தை இலவசமாகக் கையில் கொடுக்கிறது. ஏ.எல்.லில் அப்படி இல்லை. யாரோ எழுதிய நோட்டை யாரோ போட்டோகொப்பி எடுத்து, அதிலிருந்து இன்னொருவர் கொப்பி எடுத்து, எழுத்து மங்கிப்போய் நம்மிடம் வந்து சேருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் பன்னிரண்டாம் தரப் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்க வரலாற்றுக்கு ஆசிரியர் இல்லை. நேர அட்டவணையில் மட்டும் பாடம் இருந்தது.

டியூசனுக்கு அனுப்பலாம்தானே என்று கேட்பீர்கள். பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். மூன்று பாடத்துக்குக் காசு, பஸ் காசு, ஒரு பணிஸும் பிளேன்ரீயும் என்று கூட்டிப் பாருங்கள். ஒரு தாய் ஆறு ஏழு நாள் மலையேறிப் போட்ட பேர் மாதாமாதம் அதற்கே போய்விடும். நாள் சம்பளம் 2021இல் ஆயிரம் ஆனது, 2024இல் 1,350 ஆனது. அந்த உயர்வுக்காக நாம் எத்தனை நாள் ரோட்டில் நின்றோம் என்பது உங்களுக்கே தெரியும். அப்படிக் காசைக் கொட்டினாலும் தமிழில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் வகுப்பு கிடைப்பது அரிது. கிடைத்தால் வகுப்பு முடிய ஆறு மணியாகிறது. சந்தியில் இறங்கி இருட்டில், மூடுபனியில், தேயிலைக்குள் இரண்டு கட்டை நடந்துவர எந்தத் தாய் மகளை விடுவாள்? நானும் விடமாட்டேன்.

எல்லயில் இருக்கிற நமக்கு இன்னொரு இழுப்பும் உண்டு. வெள்ளைக்காரப் பயணிகள் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையன் அவர்களுக்கு வழிகாட்டினால், இளநீர் வெட்டிக் கொடுத்தால், ஹோட்டலில் மேசை துடைத்தால், அன்றைக்கே கையில் காசு. அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் நகை அடகில் இருக்கும்போது நெப்போலியனைப் பற்றிப் படி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் சீசன் முடிந்ததும் முதலாளி முதலில் நிறுத்துவது யாரை என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள்.

இனி, நான் பாடம் நடத்தும் விதத்தை எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன். முன்பெல்லாம் நோட்டை வாசிப்பேன், பிள்ளைகள் எழுதுவார்கள். சிலோன் தேயிலை என்று எழுதிய அந்த மகனின் தாளுக்குப் பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு, வருடங்களைக் கரும்பலகையில் எழுதி, இது நம்ம மலையைத் தொட்டதா என்று கேட்கத் தொடங்கினேன்.

மேற்கிந்தியத் தீவுகளைப் பாருங்கள். 1834இல் பிரித்தானியர் அங்கே அடிமைமுறையை ஒழித்தார்கள். முழு விடுதலை கிடைத்தது 1838இல். விடுதலையான மக்கள் பழைய தோட்டத்தில் பழையபடி முதுகொடிய நிற்க மறுத்தார்கள். அங்கே கோப்பி குறைந்தது, லண்டன் சந்தையில் விலை ஏறியது, முதலாளிகளின் பணம் கண்டி மலைக்குத் திரும்பியது. காடு வெட்ட ஆள் வேண்டும். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துப் பஞ்சம் ஆளைக் கொடுத்தது. ஜமேக்காவில் ஒரு மனிதன் விலங்கைக் கழற்றிப் போட்டதற்கும் நம்ம பாட்டன் மன்னார்க் காட்டு வழியாக நடந்ததற்கும் தொடர்பு இருக்கிறது. இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மகள் மட்டும், "அப்ப அவங்க நம்ம சொந்தக்காரங்க மாதிரி, டீச்சர்" என்றாள்.

1869ஐ எடுங்கள். அந்த வருடம் சுயஸ் கால்வாய் திறந்தது, லண்டனுக்குக் கப்பல் வழி சுருங்கியது. அதே வருடம் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. முதலில் கண்ட இடம் வேறெங்கும் இல்லை, நமது பதுளை மாவட்டத்து மடுல்சீமை. கோப்பி செத்தது, தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும், பிறகு ஊருக்குத் திரும்பலாம். கொழுந்து வருடம் முழுக்கப் பறிக்க வேண்டும். அதனால்தான் லயம் நிரந்தரமானது, நாமும் இங்கேயே நிலைத்தோம்.

1929இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. இதைப் பிள்ளைகள் ஒரு வரியில் மனப்பாடம் செய்வார்கள். தேயிலை விலை சரிந்து தோட்டத்தில் சம்பளத்தை வெட்டினார்கள், பலரை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள் என்று சேர்த்துச் சொன்னால் அந்த வரி மறக்காது. 1940ஐயும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தனைச் சுட்டார்கள். மே மாதம் ஹிட்லரின் படை பிரான்சுக்குள் நுழைந்தது. அதே மே மாதம் பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தங்களுக்கென்று ஒரு தொழிலாளர் சபையைத் தெரிவு செய்தார்கள். போருக்குத் தேயிலையும் றப்பரும் வேண்டியிருந்த நேரத்தில் வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று பிள்ளைகளே காரணம் சொன்னார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் தெரிந்தால் மட்டும் பரீட்சையில் புள்ளி விழாது. முல்லோயாவை எழுது என்று உலக வரலாற்று வினாத்தாள் கேட்பதில்லை. தன் பாட்டன் கதையால் பாடம் மனதில் நிற்கும், அவ்வளவுதான். விடை எழுதுவது வேறு தொழில், அதைத் தனியாகப் பழக வேண்டும். "விவரிக்க" என்று கேட்பதும் "மதிப்பிடுக" என்று கேட்பதும் ஒன்றல்ல. நமது பிள்ளைகள் எதைக் கேட்டாலும் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வருகிறார்கள். கைத்தொழிற் புரட்சி ஏன் முதலில் பிரித்தானியாவில் வந்தது என்று கேட்டால் நீராவி இயந்திரத்தின் கதையை ஐந்து பக்கம் எழுதுகிறார்கள். நிலக்கரி, குடியேற்ற நாடுகளின் பணம், நிலத்தை இழந்து நகரத்துக்கு வந்த குடியானவர் என்ற காரணங்கள் எங்கோ நாலாம் பக்கத்தில் ஒளிந்து கிடக்கும். தாள் பார்ப்பவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

இதைத் திருத்த ஒரு வழி தற்செயலாகக் கிடைத்தது. நம் லயத்து மகள் ஒருத்தி பேராதனையில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது இரண்டு தாளைத் திருத்தித் தந்தாள். திரும்பிப் போன பிறகும், பிள்ளைகள் எழுதியதைப் போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அவள் சிவப்புக் கோடு போட்டு அனுப்புகிறாள். சிக்னல் கிடைக்க மேல் மலைக்கு ஏற வேண்டும், அது வேறு கதை. வாரம் ஒரு கட்டுரைதான். ஆனால் மூன்று மாதத்தில், கேள்வியை முதல் பந்தியிலேயே பிடிக்கப் பழகிவிட்டார்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி இணையத்தில் சும்மா கிடைக்கிறது. பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள் இருக்கின்றன, பிள்ளைகள் எங்கே புள்ளி இழக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. நூலகம் இணையத்தளத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. தட்டுப்பாடு புத்தகத்துக்கு இல்லை. அச்சடிக்கக் காசு, உட்கார இடம், திருத்த ஆள், வீட்டுக்குப் போகத் துணை, இவைதான் இல்லை.

"வரலாறு படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று போன கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். சரியான கேள்வி. வேலை கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன், பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வாசிக்கப் பிடிக்காத பிள்ளையை இந்தப் பாடத்துக்குத் தள்ளவும் வேண்டாம். ஆனால் கெம்பஸ் போக மூன்று பாடமும் சித்தியாக வேண்டும். ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாததால் மூன்றும் போகிறது. பதுளை, கல்வியில் பின்தங்கிய மாவட்டமாகக் கணக்கிடப்பட்டு மேலதிக இடங்கள் தரப்படும் மாவட்டங்களில் ஒன்று. அந்த இடத்துக்கு வருபவர்களில் நம்ம லயத்துப் பிள்ளை எத்தனை? 1945இல் இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலையை வெளியே விட்டார்கள். அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1977இல். அந்த முப்பத்திரண்டு வருடத்தில் படிக்க வேண்டியவர் என் பாட்டி. கடைசிவரை கைநாட்டுத்தான்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சங்க மண்டபம் சனிக்கிழமை பின்நேரம் இரண்டு முதல் ஐந்து வரை வேண்டும். போட்டோகொப்பிச் செலவைக் கிளைச் சந்தாவிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒதுக்க வேண்டும், கணக்கை மாதர் கிளை பார்க்கட்டும். ஆசிரியர் வெற்றிடத்தைப் பற்றி வலயக் கல்விக் காரியாலயத்துக்கு மூன்று தோட்டக் கமிட்டியும் சேர்ந்து கடிதம் கொடுக்க வேண்டும். நான் அரசாங்க உத்தியோகத்தர், என் கையெழுத்தில் போனால் அதற்கு ஒரு மதிப்பு, உங்கள் கையெழுத்தில் போனால் வேறு மதிப்பு. தாய்மாரிடம் ஒன்று: பரீட்சை முடியும்வரை அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கூப்பிடாதீர்கள். அது வீட்டுக்கு நட்டம்தான், தெரிந்துதான் கேட்கிறேன்.

முன்வரிசை அண்ணனுக்கு வேலை: அவரிடம் ஓட்டோ இருக்கிறது. ஐந்து மணிக்குக் கீழ் டிவிஷன் பெண்பிள்ளைகள் நால்வரை லயத்தடியில் இறக்கிவிட வேண்டும். பெற்றோலுக்குக் கிளை பார்த்துக்கொள்ளும் என்று தலைவர் தலையாட்டுகிறார், எல்லோரும் சாட்சி.

வரும் சனிக்கிழமையே தொடங்குகிறோம், முதல் பாடம் பிரெஞ்சுப் புரட்சி. மண்டபச் சாவி யார் கையில் இருக்கிறது என்று யாராவது இப்போதே சொல்லுங்கள்.