அலை கொண்டு வந்தவர் கட்டிய கரை

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், ‘முன்னோரை நினைப்போம்’ நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் அவரவர் அப்பாவைப் பற்றி, தாத்தாவைப் பற்றிப் பேசினீர்கள். ஊரை விட்டு வந்து, வேலை தேடி, சிறுகச் சிறுக வீடு கட்டிய கதைகள். கேட்கவே மனது நிறைந்தது. நான் பேசப் போவதும் அப்படி ஒரு தந்தையைப் பற்றித்தான். அவரும் வெளியூர்க்காரர். கட்டியவர். கவிதையும் எழுதியவர். ஆனால் அவர் ஒரு வீட்டுக்கு மட்டும் தந்தை இல்லை. இந்தத் தென்னேரிப் பக்கம் குடிக்கிற, பயிர் செய்கிற எல்லோருக்கும் பொதுவான தந்தை. பெயர், தொண்டைமான் இளந்திரையன்.

‘திரை’ என்றால் அலை. திரையன் என்றால் அலையோடு வந்தவன். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று 500 அடிகள் கொண்ட ஒரு பாட்டு இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டின் தலைவன் இந்த இளந்திரையன்தான். கடல் அலை கொண்டு வந்து தந்த மரபு என்று அதிலேயே அவனைக் குறிப்பிடுகிறார் புலவர். அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் பின்னணிக் கதையைச் சொல்கிறார். சோழ அரசன் ஒருவனுக்கும் நாகர் குலத்துப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை. பிள்ளைக்கு அடையாளமாகத் தொண்டைக் கொடியைக் கட்டிக் கடலில் விட்டார்கள். அலை கரை சேர்த்தது. அதனால் திரையன், தொண்டைமான். அவன் ஆண்ட நாடு தொண்டை நாடு.

இதில் எவ்வளவு கதை, எவ்வளவு வரலாறு என்று அறிஞர்கள் பேசட்டும். நான் கவனிப்பது வேறு. காஞ்சிபுரத்தை ஆண்ட ஒரு தலைவனை, “இவன் இந்த மண்ணிலேயே முளைத்தவன்” என்று சொல்லிப் புகழ்ந்திருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. “வந்தவன்” என்றுதான் பெருமையாகச் சொன்னார்கள். வந்தவன் என்பதை அவன் பெயரிலேயே வைத்தார்கள்.

நம் குடியிருப்பில் ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் நம்பி வந்தவர்கள்தான் பாதிப்பேர். தூத்துக்குடி, சேலம், கடலூர், ஒடிசா என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருக்கிறோம். ஊருக்குள் போனால் “ஃபிளாட்டுக்காரங்க” என்கிறார்கள். அது கோபமாகச் சொல்வதில்லை, அடையாளத்துக்குச் சொல்வது. எத்தனை வருஷம் ஆனால் அந்தப் பெயர் மாறும் என்று நம்மில் பலர் யோசித்திருப்போம். இளந்திரையன் கதையில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. வருஷக் கணக்கால் அது மாறுவதில்லை. வந்தவன் ஊருக்கு என்ன செய்து கொடுத்தான் என்பதால் மாறுகிறது.

அவன் செய்து கொடுத்தது என்று மரபு சொல்வது நம் ஏரியை. திரையன் ஏரி என்பதுதான் நாவில் உருண்டு உருண்டு தென்னேரி ஆனது. இது வெறும் வாய்மொழி இல்லை. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் கொடுத்த காசாக்குடிச் செப்பேடு, இந்தப் பக்கத்து ஊர் ஒன்றைத் தானம் கொடுக்கும்போது, சேயாற்றிலிருந்தும் வெஃகா ஆற்றிலிருந்தும் திரையன் ஏரியிலிருந்தும் கால்வாய் வெட்டிக்கொள்ளலாம் என்று உரிமை தருகிறது. செப்பேடு கிடைத்தது எங்கோ காரைக்கால் பக்கம். அதில் இருப்பது நம் ஏரி.

ஏரி என்பது தோண்டிய பள்ளம் இல்லை. நிலத்தின் சரிவைப் பார்த்து, தண்ணீர் ஓடிப்போகிற பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் மண்கரை போடுவது. தண்ணீர் வர வரத்துக் கால்வாய். வயலுக்கு விட மதகு. நிறைந்தால் கரை உடையாமல் வழிந்து போகக் கலங்கல். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்து வருஷத்தை ஓட்டுகிற வித்தை இது. கடலோடு வந்தவன் என்று பெயர் வாங்கியவன், கடலுக்கு ஓடிய தண்ணீரை நிறுத்தி வைத்தான் என்று நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மழைக்காலத்தில் கரையில் நின்று பாருங்கள், தென்னேரியிலும் திரை அடிக்கும்.

இனி அவன் கவிதை. புறநானூற்றில் ஒன்று, நற்றிணையில் சில, அவன் பெயரில் இருக்கின்றன. நற்றிணை 106 கடற்கரைப் பாட்டு. நண்டைத் துரத்தி ஓடிக் களைத்து நின்ற பெண்ணைப் பற்றித் தலைவன் தன் தேர்ப்பாகனிடம் சொல்வது. புறநானூறு 185ஆம் பாட்டு வண்டியைப் பற்றியது. சக்கரமும் பாரும் பொருத்திச் செய்த வண்டி. ஓட்டுபவன் திறமைசாலியானால் இடையூறு இல்லாமல் நல்ல வழியில் போகும். ஓட்டத் தெரியாதவன் கையில் கொடுத்தால் சேற்றில் மாட்டி, துன்பத்தின் மேல் துன்பம் தரும். உலகத்தை நடத்துவதும் அப்படித்தான் என்கிறான்.

எத்தனையோ அரசர்களின் போரையும் வெற்றியையும் பாடுகிற புறநானூற்றில், அரசனாக இருந்த இவன் பாடியது வண்டி ஓட்டுகிற பொறுப்பை. கட்டியவன் பாட்டு அது. செய்து முடித்த பொருளைவிட, அதை நாளைக்கு யார் ஓட்டப் போகிறார்கள் என்ற கவலை அதில் இருக்கிறது.

அந்தக் கவலைக்கு ஏரியே சாட்சி. மண்கரை வருஷா வருஷம் கரையும். வண்டல் வந்து படியும். ஒரு தலைமுறை சும்மா இருந்தால் போதும், ஏரி மேடாகி மாடு மேயும். தென்னேரியின் ஆழம் இன்றும் 18 அடி என்று சொல்கிறோம் என்றால், இளந்திரையனுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக யாரோ மண் சுமந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாம் நினைக்கும் இந்தத் தந்தையின் நீண்ட ஆயுள், பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகள் கொடுத்தது.

அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதற்குத் தடயம் பக்கத்திலேயே இருக்கிறது. பாலாற்றைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தத் தேர்தலில் அமைத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர். 360 நாள் பதவி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. (நம் பொருளாளர் பயப்பட வேண்டாம், அவர் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.) நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை அது, மண் சுமந்தவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஏரியைப் பார்ப்பது யாரோ ஒருவர் வேலை என்று விடாமல், ஆறு பெயரை எழுதி, நாள் குறித்து, கணக்குக் கேட்டார்களே, அதை எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் ஒரு வேண்டுகோள். நம் சங்கத்திலும் ஆறு பேர் கொண்ட ஓர் ஏரிக் குழு வேண்டும். பெண்கள், வாடகைக்கு இருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அதில் வரலாம். ஒரு வருஷம்தான், பிறகு வேறு ஆறு பேர். மூன்று வேலை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஐப்பசிக்கு முன்னால் நம் வாசல் மழைநீர் வடிகால் எங்கே போய் முடிகிறது என்று நடந்து போய்ப் பார்ப்பது. வழியில் கட்டிடக் கழிவு கிடந்தால், நம்முடையதை நாம் அள்ளுவது.

இரண்டு, கழிவுநீர் லாரி எங்கே கொண்டு போய்க் கொட்டுகிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு, பதிவேட்டில் எழுதுவது. வரத்துக் கால்வாயில் விடுகிறவருக்கு நம்மிடம் வேலை இல்லை என்று ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது.

மூன்று, கிராம சபைக்குப் போவது. இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்தான். குடியரசு தினத்தன்று, வருகிற ஜனவரி 26, கூட்டம் இருக்கிறது. பெரிய கோரிக்கை எதுவும் முதல் நாளே வேண்டாம். கரையில் பயிர் செய்கிறவர்கள் ஏரியைப் பற்றிப் பேசும்போது உட்கார்ந்து கேட்டாலே போதும். எந்த மதகு கசிகிறது, எந்தக் கால்வாய் தூர்ந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் மே மாதம் தண்ணீர் இருப்பதும், டேங்கர் லாரிக்குப் போன் போடுவதும் அந்த ஏரி நிறைவதையும் பொறுத்தது. ஆகவே இது தர்மகாரியம் மட்டுமில்லை, மெயின்டனன்ஸ் கணக்கும்கூட.

இங்கே பிறந்த குழந்தைகளுக்குத் தென்னேரிதான் சொந்த ஊர். அவர்கள் நாளைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் “எந்த ஊர்?” என்று கேட்டால் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அலையோடு வந்த ஒருவருடைய பெயரைத்தான் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியட்டும். அவர் கட்டிய கரைக்கு நம் அப்பா, அம்மாவும் ஒரு கூடை மண் போட்டார்கள் என்றும் அவர்கள் சொல்லட்டும்.

பெயர் கொடுக்க நோட்டுப் புத்தகம் செயலாளர் மேசையில் இருக்கிறது. ஆறு கோடு போட்டு வைத்திருக்கிறேன். பொங்கல் சாப்பிடும் முன்பு நிரம்பிவிட வேண்டும்.