கலமே மனையாக



ஜவ்வாது மலையில் கூடிய அவையில் கடலைப் பற்றிய பேச்சா என்று வியப்போர் இருக்கலாம். இம்மலையின் எந்தக் கொடுமுடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. ஜமுனாமரத்தூரில் படகு விடும் ஏரிதான் இங்குள்ள குழந்தைகள் அறிந்த பெருநீர். ஆயினும் இம்மலை கடலோடு உறவற்றதன்று. இங்கே பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, வங்கக் கடலை நோக்கிச் செல்கிறது. அந்த ஆற்றைப் பாடிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தரின் வழிநடையைச் சொல்லும் நூல். கூத்தர் தனித்துச் செல்லவில்லை. மகளிரும் சுற்றமும் உடன் நடந்தனர். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை எயிற்பட்டினம் நோக்கிய வழியிலும் பாணனோடு விறலியர் உண்டு. ஊர்விட்டு ஊர் செல்லும் வாழ்வில் பெண்ணை உடன் கொண்டு செல்வது தமிழர்க்குப் புதிதன்று.

ஆனால் வழி நிலத்தோடு முடிந்து நீர் தொடங்கும் இடத்தில் நம் இலக்கியம் சட்டென நின்றுவிடுகிறது. கடல்வழிச் செலவு மகளிரோடு கூடியதன்று என்னும் கருத்தைத் தொல்காப்பிய அகத்திணையியல் விதியாகவே வைத்தது. அந்நூற்பாவுக்கு வேறுபொருள் கூறும் உரையும் உண்டு. எனினும் கலம் ஏறுபவன் தலைவன், கரையில் நிற்பவள் தலைவி என்பதே மரபாயிற்று. நெய்தல் திணையின் இரங்கல் முழுவதும் அந்தக் கரையில் நின்று பிறந்தது.

அதே தொல்காப்பியம் கற்பியலில் மற்றொன்றையும் சொல்கிறது. இளமையின் வேட்கை தணிந்த பிற்காலத்தில், மக்களும் சுற்றமும் சூழ, கணவனும் மனைவியும் சேர்ந்து சிறந்ததைப் பயின்று வாழ்வதே கடந்து போன வாழ்வின் பயன் என்கிறது. பணி ஓய்வு என்று இன்று சொல்லும் பருவத்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் இல்லை. ஓய்வு என்பது கைகட்டி அமர்வதன்று. இருவரும் சேர்ந்து பயில்வது.

இந்த இரண்டு நூற்பாக்களில் முதலதை மீறி, இரண்டாவதை வாழ்ந்து காட்டிய ஓர் இணையரின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

மைல்ஸ் ஸ்மீட்டன் 1906இல் பிறந்த ஆங்கிலேயர். இந்தியப் படையில் பணியாற்றிப் பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெரில் ஓராண்டு மூத்தவர். இருவரும் முதலில் மலை மக்கள். 1939இல் இந்துகுஷ் மலைத்தொடரின் திரிச் மீர் சிகரத்தில் ஏற முயன்றபோது அவர்களோடு சென்ற ஷெர்ப்பாதான், 1953இல் எவரெஸ்ட்டில் கால் பதித்த டென்சிங். போர் முடிந்தபின் கனடாவின் மேற்குக் கரைத் தீவொன்றில் பண்ணை அமைத்துக் குடியேறினர்.

அவர்கள் படகு வாங்கியது கடற்காதலால் அன்று. இங்கிலாந்திலிருந்து பணத்தை வெளியே கொண்டு செல்லக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. அங்கே ஒரு படகை வாங்கிக் கனடாவுக்கு ஓட்டிச் சென்று விற்றால் பணம் கைக்கு வரும் என்பது கணக்கு. 1938இல் ஹாங்காங்கில் கட்டப்பட்ட, 46 அடி நீளமுள்ள, இரண்டு பாய்மரங்கள் கொண்ட 'ட்சு ஹாங்' என்னும் கலம் கிடைத்தது. பாய் கட்டத் தெரியாதவர்கள் ஓட்டியே கற்றுக்கொண்டனர். கனடாவை அடைந்தபோது விற்க மனம் வரவில்லை. விற்பனைக்கு வாங்கிய பொருள் வீடாகிவிட்டது.

அத்தகைய வீட்டில் வாழ்வது எப்படி என்பதைக் கவிஞர்கள் அறிவது நல்லது. 46 அடி என்பது இங்குள்ள ஒரு நடுத்தர வீட்டின் நீளம்தான். அகலமோ ஒரு சிறிய அறையின் அகலம். அதற்குள் அடுக்களை, படுக்கை, புத்தகம், கயிறு, பாய், நங்கூரம், மாதக்கணக்கான உணவு, குடிநீர் எல்லாம் அடங்க வேண்டும். நாற்பது ஆண்டு இல்லறத்தில் சேர்ந்தவற்றில் எது வேண்டும், எது வேண்டா என்பதைக் கலம் ஏறும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும். துறவு நூல்கள் மெல்லச் சொல்லும் பாடத்தைப் படகு ஒரே நாளில் சொல்லிவிடுகிறது.

நீரின் நடுவே வாழ்ந்தும் நீருக்குப் பஞ்சம். குவளையால் அளந்தே குடிக்க வேண்டும்; பாத்திரம் கழுவக் கடல்நீர். துறைமுக நகரை அடைந்தால் முதல் வேலை அரசு அலுவலரிடம் தாள்களைக் காட்டுவது. அடுத்தது நன்னீர், காய்கறி, கடிதம். கரையில் சில வாரம். காற்று மாறினால் மீண்டும் புறப்பாடு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசை நோக்கிப் பெயரிட்ட நம் கடலோர மக்களுக்கு இது விளக்க வேண்டாத செய்தி. காற்றே அங்கே நாட்காட்டி.

எல்லாவற்றிலும் அரியது காவல் முறை. ஆழ்கடலில் இரவிலும் கலம் நிற்பதில்லை. ஒருவர் உறங்கும்போது மற்றவர் சுக்கானைப் பிடித்திருக்க வேண்டும். சில மணிக்கொரு முறை மாற்றம். ஆகவே ஒரே கூரையின் கீழ், கை நீட்டினால் தொடும் தொலைவில் வாழும் இருவர், பல நாட்கள் ஒன்றாக உறங்குவதில்லை. மற்றவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையே அங்கே உறக்கம். இல்லறத்துக்கு இதைவிடச் சுருக்கமான வரையறை உண்டா என்று இவ்வவை எண்ணிப் பார்க்கட்டும்.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை 1957 பிப்ரவரி 14இல் வந்தது. மெல்போர்னிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனையாகிய ஹார்ன் முனையை நோக்கி ட்சு ஹாங் சென்றுகொண்டிருந்தது. உடன் சென்றவர் ஜான் கஸ்வெல் என்னும் இளைஞர். தச்சு வேலை அறிந்தவர். ஒரு பூனையும் உண்டு. சுக்கான் பெரில் கையில். மற்ற இருவரும் உள்ளே. பின்னாலிருந்து எழுந்த பேரலை ஒன்று கலத்தைப் பின்புறம் முன்புறமாகத் தலைகீழாய்ப் புரட்டியது. பாய்மரங்கள் இரண்டும் முறிந்தன. மேல்தளத்தின் அறை பெயர்ந்து போய், அவ்விடத்தில் கடல் உட்புகும் பெருந்துளை. பெரில் கலத்தில் இல்லை.

மைல்ஸ் மேலே வந்து பார்த்தபோது அவர் சற்றுத் தொலைவில் நீரில் கிடந்தார். தோளில் அடி. முறிந்து மிதந்த மரத்தை நோக்கித் தாமே நீந்தி வந்தார். இருவர் அவரை இழுத்து ஏற்றினர். அதன்பின் நிகழ்ந்ததுதான் கருதத்தக்கது. ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி, காயத்தோடு, உடனே வாளியெடுத்து நீர் இறைப்போர் வரிசையில் நின்றார். கஸ்வெல் பலகைகளால் துளையை மூடினார்; உடைந்த மரங்களிலிருந்து சிறு பாய்மரம் செய்தார். ஒரு மாதத்துக்கும் மேல் தள்ளாடி, பிறர் துணையின்றிச் சிலி நாட்டுக் கரையை அடைந்தனர்.

கலத்தைச் செப்பனிட்டு, அவ்வாண்டின் இறுதியில் கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் மீண்டும் புறப்பட்டனர். மீண்டும் கலம் உருண்டது. பாய்மரங்கள் மறுபடியும் போயின. மறுபடியும் சிலிக்கே திரும்பினர். இவ்வரலாற்றை மைல்ஸ் எழுதி 1959இல் வந்த நூலின் பெயர் 'ஒருமுறை போதும்' என்னும் பொருள் தருவது. ஆனால் அவர்களுக்கு இருமுறையும் போதவில்லை. 1968 டிசம்பரில், அறுபதைக் கடந்தபின், அதே ட்சு ஹாங்கில் ஹார்ன் முனையைச் சுற்றி வந்தனர்.

இதை வீரச் செயல் என்று மட்டும் புகழ்ந்து விடுவது குறைவான வாசிப்பு. அதற்கு விலையும் உண்டு. தொல்காப்பியம் கூறிய மக்களும் சுற்றமும் அந்தப் படகில் இல்லை. தொடக்கத்தில் உடன் இருந்த மகள் வளர்ந்து கரை சேர்ந்தபின், நலம் கேட்க வரும் உறவு துறைமுகத்தில் காத்திருக்கும் கடிதமே. ஒருவர்க்கு நோய் வந்தால் மற்றவரே மருத்துவர். சுற்றத்தை இழந்து துணையை முழுமையாகப் பெற்ற வாழ்வு அது. அது எல்லார்க்கும் உரிய வழி என்று எவரும் சொல்லார்.

நம் கரையில் இத்தகைய வாழ்வு வேரூன்றாததற்கு மரபு மட்டும் காரணமன்று. சோழ மண்டலக் கரை திறந்த கரை. அலை நேரே மணலில் அறைகிறது. ஆற்று முகங்களை மணல் அடைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயற்காலம். பாக்கு நீரிணை ஆழமற்றது. சிறு பாய்க்கலம் துறை துறையாகத் தங்கிச் செல்ல இயற்கை இங்கே இடம் அதிகம் தரவில்லை. கட்டுமரத்தைத் தந்த கரை இது. மிதக்கும் வீட்டைத் தந்ததன்று.

கலம் கட்டும் கை தமிழனுக்கு இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு பெருங்கடல்களைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதை வாங்கிய கடலோடி வில்லியம் ராபின்சன், தம் மனைவி புளோரன்சின் பெயரை அதற்கு இட்டார். அன்னபூரணி பெண் பெயர். புளோரன்சும் பெண் பெயர். கலத்தின் முகப்பில் பெண்ணின் பெயரை எழுதிய மாலுமிகளின் வீட்டுப் பெண்களோ கரையில் காத்திருந்தார்கள். நெய்தல் அங்கேயும் மாறவில்லை.

ஆனால் மாறத் தொடங்கிவிட்டது. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்னும் பாய்க்கலத்தில் இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் இருவர் மட்டும் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பினர். ஹார்ன் முனையையும் கடந்த அவ்விருவரில் ஒருவரான ரூபா அழகிரிசாமி புதுச்சேரியைச் சேர்ந்தவர். சிறுபாணன் நடந்த கரைக்கு அண்மைக் கரை அது.

ஸ்மீட்டன் இணையர் இறுதியில் எங்கே சென்றனர்? மீண்டும் மலையடிவாரத்துக்கு. கனடாவின் ஆல்பர்ட்டாவில், ராக்கி மலைச்சாரலை ஒட்டிய காக்ரேன் என்னும் ஊரில் வனவிலங்குக் காப்பிடம் அமைத்தனர். அந்நாட்டில் அற்றுப்போயிருந்த சிறு நரியினம் ஒன்றை அங்கே வளர்த்தெடுத்தனர். 1983 முதல் அந்நரிகள் புல்வெளிகளில் விடப்பட்டன. பெரில் அதைக் காணவில்லை, 1979இல் மறைந்தார். மைல்ஸ் 1988இல் மறைந்தார். பிற்காலத்தில் இருவரும் சேர்ந்து சிறந்ததைப் பயில வேண்டும் என்ற நூற்பாவின் பொருளைக் கடலிலும் தேடினர், மலையடியிலும் தேடினர்.

முடிவாக, இம்மலைக்கே உரிய ஒன்று. காவலூர் வானாய்வகம் இங்கே அமைந்ததற்கு ஒரு காரணம், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இம்மலையிலிருந்து வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் காணலாம் என்பது. துருவ மீனும் தெரியும்; தென்சிலுவையும் தெரியும். நம் திருமணங்களில் மணமக்களுக்குக் காட்டும் அருந்ததியும் தெரியும். ஆனால் அன்று ட்சு ஹாங் புரண்ட தென்கடலில் அருந்ததி ஒருபோதும் எழுவதில்லை. அது அடிவானத்துக்குக் கீழேயே நின்றுவிடும். சான்றாக நிற்க விண்மீன் இல்லாத அந்த இரவுகளிலும், ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருந்தார்.

கரையில் நின்று இரங்கும் தலைவியை நம் கவிஞர்கள் ஈராயிரம் ஆண்டு பாடிவிட்டனர். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் கவிஞர்கள், ஒரே கலத்தில் முறை மாற்றிக் காவலிருக்கும் முதிய இருவரையும் இனிப் பாடட்டும். அதுவும் நெய்தலே, இரங்கல் இல்லாத நெய்தல்.