நஞ்சை மருந்தாக்கும் கைகள்



திருத்தணி மலைப்படிகளில் குரங்கு நம் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பறிப்பது பழகிய காட்சி. பாம்பைக் கண்டாலோ கையில் கம்பை எடுக்கிறோம்.

அண்மையில் நண்பர்களோடு வேனில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குச் சென்றோம். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுக்கிறார்கள். இருளர் ஒருவர் நல்ல பாம்பின் தலையைப் பதமாகப் பிடித்து, குடுவை வாயில் கட்டிய மெல்லிய உறையைக் கடிக்க வைத்தார். சில துளிகள், அவ்வளவுதான். அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாரிக்கிறார்கள். நஞ்சு எடுத்த பாம்புகளை மீண்டும் காட்டில் விடுகிறார்கள்.

ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிட்டதாகத் தொடக்க நூலின் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. பெயரிடுவது என்றால் அறிந்துகொள்வது, பொறுப்பேற்பது. இருளர்கள் பாம்பை அப்படி அறிந்தவர்கள். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருளர்கள் வாழ்கிறார்கள். கடனுக்காகச் செங்கல் சூளையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் அவர்களுள் உண்டு. வயலில் பாம்பு தீண்டினால் நம் உடலில் ஏறும் மருந்தில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. நம் வீட்டுத் திண்ணையில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா?

எவரும் தொடாத தொழுநோயாளியை இயேசு கை நீட்டித் தொட்டார். இந்த வாரம் நம் ஊர் இருளர் குடும்பம் ஒன்றின் பெயரைக் கேட்டறிவோம், வீட்டுக்கு அழைப்போம். ஆமென்.