கைப்பிடியும் கிராதியும்
(ஹவுரா தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சுவர் காற்றையும் ஒளியையும் தடுத்து நம்மைக் காக்கிறது. மாடிக் கிராதியோ அவற்றைத் தடுக்காமலே காக்கிறது. அதனைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

நம் நாட்டின் மிகப் பழைய கற்கிராதிகளுள் ஒன்று ஆற்றுக்கு அக்கரையில், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. மத்தியப் பிரதேசத்துப் பார்குத் என்னும் ஊரில் 1873-ஆம் ஆண்டு கன்னிங்ஹாம் கண்டறிந்த பௌத்த ஸ்தூபத்தைச் சூழ்ந்திருந்தது அது. வயதோ ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல். தூண்களில் துளையிட்டு, குறுக்குக் கற்களைச் செருகி, உச்சியில் நீண்ட கற்களைப் பொருத்தியிருக்கின்றனர். தச்சன் மரத்தில் செய்வதைச் சிற்பி கல்லில் செய்தான். துறவியரும் இல்லறத்தாரும் ஆளுக்கொரு கல்லாக அளித்ததை அதிலுள்ள எழுத்துக்களே கூறுகின்றன.

நம் தமிழகத்துக் கோயில்களிலோ படிகளின் இருமருங்கும் பிடிச்சுவர்கள் அமைந்துள்ளன. யாளியின் வாயினின்று புறப்படும் துதிக்கை படியோடு இறங்கி, அடியில் சுருண்டு நிற்கும். இரண்டாம் இராசராசன் எழுப்பிய தாராசுரம் கோயிலில் படியோரத்து யானைகளைக் கண்டு மகிழாதார் யார்? மேனாட்டாரோ நடுவில் பருத்த சிறு தூண்களை வரிசையாக நிறுத்தினர். மாதுளம்பூவைக் குறிக்கும் சொல்லினின்றே அவற்றின் பெயர் பிறந்தது. கொல்கத்தாவின் பழைய மாளிகைகளின் மேல்தளங்களில் அவற்றை இன்றும் காணலாம்.

ஆயினும் அழகு இரண்டாவது, உயிர்க்காப்பே முதலாவது. விசுவகர்மா பூசையன்று இவ்வூர்ச் சிறுவர் அனைவரும் மொட்டைமாடியில் பட்டம் விடுகின்றனர். கண் வானத்தில், கால் பின்னோக்கி நகர்கிறது. அப்பொழுது காப்பது கிராதி ஒன்றே. அது 1 மீட்டருக்குக் குறையாத உயரம் இருத்தல் வேண்டும். குழந்தையின் தலை நுழையும் இடைவெளி ஆகாது. குறுக்குக் கம்பிகள் குழந்தைக்கு ஏணியாகிவிடும்; நெடுக்குக் கம்பிகளே நன்று. கிராதியோரம் முக்காலியோ கவிழ்த்த வாளியோ வைத்தலும் ஆகாது. துருவேறிய கம்பியை ஆண்டுக்கொரு முறையேனும் கையால் அசைத்துப் பாருங்கள்.

பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் மொட்டைமாடி எல்லார்க்கும் உரியது. ஆதலின் அதன் பழுது எவர் கண்ணிலும் படுவதில்லை! பார்குத்தில் ஆளுக்கொரு கல் அளித்தனர். நாம் ஆளுக்கொரு கம்பி அளித்தால் போதாதா? அடுத்த பட்டக் காலம் வருமுன் அப்பணியை முடிப்போமாக.