தொழிற்பெயரும் மருத்துவமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி எழுத்தர் நாற்காலியில் அமர்ந்த நாம், மருத்துவம் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருளில் மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. ஆங்கிலத்தில் ஆக்குபேஷனல் தெரபி என்று வழங்குவதனைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கின்றனர்.

தொழில் என்றவுடன் சம்பளம் தரும் உத்தியோகம் நம் நினைவிற்கு வருகிறது. தமிழ் இலக்கணம் கற்றோர் அவ்வாறு மயங்க வேண்டுவதில்லை. உண்ணல், உடுத்தல், குளித்தல், எழுதுதல், ஆடல் ஆகிய யாவும் தொழிற்பெயர்களே அன்றோ? நோயினாலோ பிறவிக் குறையினாலோ இவற்றுள் எது ஒருவருக்குக் கைகூடாமற் போயிற்றோ, அதனையே அவருக்கு மீட்டுத் தருவது இச்சிகிச்சை. இயன்முறை மருத்துவர் தோளுக்கு வலிவு தேடுகிறார். இவரோ, "அந்தக் கையால் நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று வினவுகிறார். இருவரும் நமக்கு வேண்டியவரே.

இந்நகருக்கும் இக்கலைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அமெரிக்காவிற் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து, இந்நாட்டவராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார், 1950-இல் அன்றைய பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கென ஒரு பள்ளி தொடங்கினார். நம் நாட்டில் அதுவே முதலாவது. 1952-இல் அகில இந்திய அளவில் இச்சிகிச்சையாளர்க்கு ஒரு சங்கமும் அமைந்தது. மாதுங்காவிலிருந்து பரேல் எவ்வளவு தொலைவு? பண்டிகைக் காய்கறிக்கு அதனினும் நெடுந்தூரம் நாம் செல்கிறோம்.

நோயாளியின் விருப்பத்தைக் கேட்டுத் தொடங்குவது எத்துணைப் பயன் தரும் என்பதற்கு வேலூரில் ஒரு சான்று உண்டு. 1954-இல் மோட்டார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நிற்க முடியாதவருக்கு ஓய்வூதியம் எவ்வளவு என்று கணக்கிடுவதே உலக வழக்கம். உட்கார்ந்து செய்யத்தக்க அறுவை எது என்று அங்கே எண்ணிப் பார்த்தார்கள். 1966-இல் அவ்வூரில் அவர் முயற்சியால் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது.

நிற்க. நம் வீடுகளுக்கு வருவோம். பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த பாட்டி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருமகள் அன்போடு ஊட்டி விடுகிறாள். மகன் சட்டென்று தூக்கி உட்கார வைக்கிறான். ஆறு மாதத்தில் பாட்டிக்கு இருந்த சிறு ஆற்றலும் மங்குகிறது. சிகிச்சையாளரிடம் சென்றால் எளிய வழிகள் பல கிடைக்கும். இரவிக்கை அணியும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். களையும்போது அதனைக் கடைசியில் விடுவிக்க வேண்டும். தட்டு நழுவாதிருக்க அடியில் ஈரத்துணி விரிக்கலாம். பிடி தடித்த கரண்டி ஒன்றும் தருவார்கள். ஆனால் பாட்டிக்குக் கரண்டியே பிடிக்காது! ரசஞ்சோற்றைத் தம் கையாற் பிசைந்து உண்ணவும், வாசலில் நான்கு புள்ளியாவது வைத்துக் கோலமிடவுமே அவருக்கு ஆசை. அதைக் கேட்டறிந்தாலன்றிச் சிகிச்சை பலிக்காது. கனடா நாட்டில் தோன்றிய ஒரு முறையில், தாம் செய்யும் செயலுக்கும் அதில் தமக்குள்ள மனநிறைவுக்கும் நோயாளியே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறார். மருத்துவருக்கு அங்கே பேனா இல்லை.

குழந்தைகளிடத்தும் இதுவே முறை. எழுத்துக் கோணலென்று நாம் முட்டியில் அடிக்கும் பையனை அவர்கள் முதலில் நாற்காலியில் அமர்த்திப் பார்க்கின்றனர். அவன் பாதம் தரையில் படுகிறதா, தோள் நிலைக்கிறதா என்று நோக்குகின்றனர். பிறகு அவனையே கேட்கின்றனர். "சட்டைப் பித்தானை நானே போட வேண்டும்" என்பான் அவன். பிசைந்த மாவை உருட்டியும் மணி கோத்தும் விளையாட்டாகவே விரல்கள் பழகுகின்றன. பித்தானுக்குப் பழகிய விரல் பென்சிலுக்கும் உதவுகிறது.

இங்கே நமக்கென்று ஓர் இடர் உண்டு. சிகிச்சையாளர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்கிறார். பாட்டி அறிந்தது தமிழ் மட்டுமே. ஆகவே மகன் பதிலுரைக்கிறான். "கை பழையபடி ஆக வேண்டும்" என்று அவன் சொல்வது ஏட்டில் ஏறுகிறது, கோலம் ஏறுவதில்லை. இதை எத்தனை வீடுகளில் நாம் அறியாமலே செய்து வருகிறோம்!

நம் சங்கத்தில் இரு மொழியும் அறிந்த இளைஞர் பலர் உளர். மருத்துவமனைக்குத் துணை செல்ல இசைவோர் தம் பெயரைக் காரியதரிசியிடம் தரலாம். கேட்டதைக் கேட்டபடி பாட்டியிடம் சொல்லி, பாட்டி சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்ல வேண்டும். இடையே தம் யோசனை எதையும் சேர்த்தலாகாது. பெண்கள் பெயர் மிகுதியாக வேண்டும். குளிப்பதையும் உடுப்பதையும் பற்றி எந்தப் பாட்டியும் அயலார் வீட்டுப் பையனிடம் வாய் திறக்க மாட்டார்.